பிடபேடி

சுடலைமுத்து ஓட்டினால் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கலாம். அப்படி ஒரு பிரேக் கால் அவருக்கு. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஆறு வருஷமாகக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போனவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். கன்னடத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை: பேடா, அதாவது வேண்டாம். டீக்கடையில் இரண்டாவது டீயை மறுக்க அது போதும்.

2008-இல் ஏபிஎஸ் பிரேக்கோடு புது பஸ் வந்தது. மழையில் சக்கரம் வழுக்காமல் அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் அப்போது பெடல் காலடியில் கடகடவென்று நடுங்கும். பயந்து காலை எடுத்தால் போச்சு, வண்டி நிற்காது. பெங்களூரிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்த ஆள் ஓட்டிக்காட்டவில்லை, வாயால் சொன்னதோடு சரி. "நடுகிதரெ பிடபேடி" என்று மூன்று தடவை சொன்னான். நடுங்கினால் விடாதீர்கள் என்று அர்த்தம். கன்னடம் தெரிந்த ஓசூர் டிரைவர்கள் தலையாட்டினார்கள். சுடலைமுத்து எல்லோருக்கும் முந்தி ஆட்டினார்.

கம்பெனி மெக்கானிக்கான எனக்கு அந்த ஆட்டல் உறுத்தியது. புரிந்ததா என்று கேட்டேன்.

"பேடான்னா வேண்டாம். அது தெரியாமலா அண்ணாச்சி, ஆறு வருசமா இங்க குப்பை கொட்டுதேன்?"

சரிதான் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மடையன் நான். என் மனைவி பெனிஷாவும் அந்த பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாள். வானம் கறுத்த நாளெல்லாம் அவரிடம் இன்னொரு தடவை கேட்க நினைத்தேன். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே ஒரு மாதம் ஓட்டினேன்.

முதல் மழை பெய்தது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய மாட்டோடு ஆஞ்சப்பன் என்ற விவசாயி ரோட்டைக் கடந்தார். சுடலைமுத்து மிதித்தார். பெடல் நடுங்கியது. உடனே காலைத் தூக்கிவிட்டார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலிருந்து பெனிஷா அதைக் கண்ணால் பார்த்தாள். பஸ்ஸில் ஒருவருக்கும் கீறல் இல்லை. அடிபட்ட ஆஞ்சப்பன் அங்கேயே செத்துப்போனார். கையில் சுற்றியிருந்த கயிற்றை மாடு இழுத்துக்கொண்டு நின்றதாம்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலிருந்த சுடலைமுத்து என்னைக் கண்டதும் எழுந்தார்.

"சொன்னபடிதானே செஞ்சேன் அண்ணாச்சி? நடுங்கினா பிரேக் பிடிக்க வேண்டாம்னுதானே அவன் சொன்னான்?"

என் முகத்தைப் பார்த்தே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கன்னடத்தில் 'விடுங்க' என்பதற்கு என்ன வார்த்தை என்று மெதுவாகக் கேட்டார். பொய் சொல்லப் பார்த்தேன், வரவில்லை.

"பிடி."

அவர் உட்கார்ந்து, வலது காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.