நாலு நூல் சாய்ந்த கலங்கரை விளக்கம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் என் அக்கா புருஷனுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டு விளையாடினால்கூட கையில் என்ன இருக்கிறது என்று முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

மாமா கொத்தனார். கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால், எங்கள் கலங்கரை விளக்கத்தை அடியோடு அறுத்து, தண்டவாளத்தில் ஏற்றி, நானூறு அடி உள்ளே தள்ளினார்கள். பழைய அஸ்திவாரம் மட்டும் கரையிலேயே கிடந்தது. கோபுரம் நகர்ந்த பதினோரு நாளும் மாமாவுக்கு அதற்குள்ளே ஒரே வேலை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உச்சியிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டைப் பார்க்க வேண்டும். சாய்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே கேட்கும்படி கத்த வேண்டும். கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போனது. கோபுரம் பத்திரமாகப் போய் உட்கார்ந்தது.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. படிக்கட்டோரம் கொஞ்சம் பூச்சு வேலை பாக்கி. ஆறு வயது மகளையும் கூட்டிப்போனார். அவளுக்குக் கடல் பார்க்க ஆசை, குடுகுடுவென்று மேலே ஏறிவிட்டாள். வேறு யாரும் இல்லை.

மாலை 4.20.

"நேரா இருக்கு."

பக்கத்திலேயே கேட்டது. மேஸ்திரியின் குறும்பு என்று நினைத்து, மாமா வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஈ காக்கை இல்லை.

4.30.

"ஒரு நூல் சாயுது."

எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். மாமா அவசரமாகத் தன் தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்தார். நேராகத்தான் இருந்தது. ஆனால் குரல்... அவர் ஸ்டூல் போட்டிருந்த இடத்திலிருந்து வந்தது.

4.40.

"ரெண்டு நூல்."

தொண்டை கட்டிய குரல். யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது.

அவருடையதேதான்.

கரண்டியைப் போட்டுவிட்டு மகளைக் கூப்பிட்டார். பதில் இல்லை. அலைச் சத்தம் மட்டும்... தலைக்கு மேலே.

ஓடினார். படி... படி... படி...

4.50.

"நாலு நூல்... பாப்பாவ இறக்கு."

உச்சியில் குழந்தை கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றிருந்தாள். வாரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். ரோட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டார். அவள் கவுன் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"ஏம்மா கூப்பிட்டா பேசல?"

"பயமா இருந்துச்சுப்பா. ரோட்டையே காணோம். கீழ சுத்தியும் கடல்தான் இருந்துச்சு."

மறுநாள் இன்ஜினியர் அளந்தார். கோபுரம் ஒரு நூல்கூடச் சாயவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார்.

அப்போதுதான் வாட்ச்மேன் வந்து சொன்னார். கரையில் கிடந்த பழைய அஸ்திவாரம் நேற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, சரியாக ஐந்து மணிக்குக் கடலுக்குள் போய்விட்டதாம்.

அப்படியானால் குழந்தை எந்த இடத்துக் கோபுரத்தின் உச்சியில் நின்றிருந்தாள்? அக்காவிடம் இதை இன்னும் நாங்கள் சொல்லவில்லை.