மலைமேல் விழுந்த கர்ச்சீப்

மலைமேல் யோகா ஆசிரமத்துக்கு வேன் ஓட்டிப் போனேன். ஒரு வாரம் அங்கேயே தங்கல். என் அறையில் சிட்லபாக்கத்துக்காரர் ஒருவர். தாம்பரத்தில் ரயில் ஏறி வேலைக்குப் போய் ரிட்டையர் ஆனவர். முட்டிவலி, சுவரில் சாயாமல் உட்கார முடியாது. அதனால் தினமும் யோகா ஹால் கதவு திறக்கும் முன்பே, ரயிலில் சீட்டுப் பிடிப்பதுபோல, ஜன்னல் வழியாகச் சுவரோரம் கர்ச்சீப் எறிவார்.

ஐந்தாம் நாள் குறி தப்பி, குருஜியின் ஆசனத்தில் விழுந்துவிட்டது.

குருஜி வந்து பார்த்தார். "இது யாருது?"

"ஆள் வருது சார்," என்றார் இவர், பழக்கதோஷத்தில்.

ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"அப்போ நான் எங்கே உட்கார்றது?"

"சுவரோரம் வாங்க சார். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

இரண்டு பேரும் சுவரில் சாய்ந்தார்கள். யார் முதலில் 'அப்பாடா' என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.