என் மனைவி எழுதிய ரிப்போர்ட்

எங்கள் காகித ஆலையின் காபி நிறக் கழிவுநீரை ஒரு பெரிய தொட்டியில் விட்டு, காற்றூதி நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றை வைத்தே அழுக்கைத் தின்னவைப்பது என் மனைவியின் வேலை. காலையில் போனதும் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். உள்ளே எல்லாம் துறுதுறுவென்று இருந்தால்தான் அவளுக்கு டீயே இறங்கும். வீட்டில் நான் இருமினால் இந்தக் கவனிப்பெல்லாம் கிடையாது.

நான் வெளுப்புப் பிரிவில் ஃபோர்மேன். இருபது வருஷமாகக் குளோரின் போட்டுக் கூழை வெள்ளையாக்குகிறவன். அவள் நச்சரித்து நச்சரித்து ஆலையை ஒரு நொதி வாங்க வைத்தாள். அதை முதலில் கூழில் கலந்துவிட்டால் பாதி குளோரின் போதுமாம். எனக்கு நம்பிக்கையில்லை. நொதியையும் போட்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று பழைய அளவுக் குளோரினையும் போட்டேன். கூழ் பளபளவென்று வந்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் அவள் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் அசையவில்லை. தொட்டி செத்துக் கிடந்தது.

"கிருமிய நம்பி ஆலை நடத்த முடியாதும்மா. பத்து நாள்ல தண்ணி தெளியலைன்னா தொட்டிய மூடிடலாம்" என்றார் மேனேஜர். ஆறு வருஷம் அவள் வளர்த்த தொட்டி அது. அவள் ஒவ்வொரு வாய்க்காலிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தபடியே நடந்து, கடைசியில் என் குளோரின் பம்ப் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, அளவு முள்ளு பழைய இடத்துலயே நிக்குது?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்... பம்ப் கோளாறுன்னு எழுதிடேன்."

"பம்ப் நல்லாத்தான் இருக்கு."

ரிப்போர்ட்டை எல்லார் முன்னாலும் வாசித்தாள். நொதியில் குறையில்லை, அது பாதி வேலையை முடித்தும் ஃபோர்மேன் குளோரினைக் குறைக்கவில்லை, கூழில் செலவாகாமல் மிஞ்சிய குளோரின் தொட்டிக்கு வந்து நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது, அவர் என் கணவர் என்று அப்படியே எழுதியிருந்தாள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. என்னைக் காப்பாற்றியிருந்தால் பழி நொதியின் மேல் விழுந்திருக்கும், தொட்டியும் போயிருக்கும்.

ரிப்போர்ட் வாசித்த அன்றே குளோரினைப் பாதியாக்கியிருந்தேன். அவள் நகராட்சிக் கழிவுநீர் நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் உயிருள்ள சேற்றை வரவழைத்துத் தொட்டியில் ஊற்றி, யூரியா போட்டு, நாள் முழுக்கக் காற்றூதிக்கொண்டிருந்தாள். மேனேஜர் கொடுத்த கெடுவில் ஒன்பதாம் நாள் என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். கோயில் மணி மாதிரி ஒரு நுண்ணுயிர் காம்பில் நின்று துடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெளிந்து வந்த தண்ணீரைப் பார்த்து, தொட்டி இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு லோடு வேண்டுமா என்று கேட்க வந்த டேங்கர் டிரைவர் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏண்ணே, கட்டின புருஷனையே ரிப்போர்ட்ல எழுதுன அந்தம்மா யாரு?"

"என் வீட்டுக்காரிதான்!" என்றேன். ஆலை இரைச்சலையும் மீறி நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.