படகு எண் இல்லாத இறால்

ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள் நாங்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். படகும் வலையும் எங்களுக்குக் கிடையாது.

போன வருஷம் இறால் வாங்கும் கம்பெனியில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். விவரம் பதிந்தால் சரக்கை எடுக்க அனுமதி தானாகவே வருமாம். மாற்றிய முதல் நாள் எடைக்காரர் என் இறாலைப் பார்க்கவேயில்லை, போனைத்தான் பார்த்தார்.

"படகு நம்பர் இன்னாபா?"

"கையால புட்ச்சது சார்."

"கைக்கு நம்பர் கீதா? இந்தக் கட்டத்த ரொப்பலன்னா மேல போவாது."

"விரலு பத்துனு போடு நைனா," என்றாள் பின்னால் நின்ற பெண். எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிஜமாகவே பத்து என்று போட்டார். அப்படி ஒரு படகு பதிவில் இல்லை, சரக்கு நிராகரிக்கப்பட்டது என்று உடனே பதில் வந்தது.

"யார்கிட்ட சார் சொல்றது?"

"யாரும் இல்லபா. அதுவே பாக்கும், அதுவே தள்ளும். இரு, மறுபடி போட்டுப் பாக்கறேன்."

அவர் எனக்காக முயன்றுகொண்டிருக்கும்போது இறாலைத் திருப்பிக் கேட்கக் கூசி, மதியம்வரை வெயிலில் நின்றேன். இறாலின் தலைகள் கறுத்து நாற ஆரம்பித்தன. பக்கத்திலேயே போனை நோண்டிக்கொண்டிருந்த எடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தூக்கினு போபா, கப்படிக்குது," என்றார்.

காலையில் அது துள்ளிக்கொண்டிருந்தது.