வடித்த எண்ணெய்

கொளஞ்சிக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுவிடும். அவள் பேச்சை நிறுத்தினால் கடலூர் திருப்பாப்புலியூரில் அந்தத் தெருவே கொஞ்சம் ஒதுங்கி நடக்கும். அன்று காலை போனைப் பார்த்ததிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை. சிதம்பரம் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரமே வந்த ஒரு படத்தை யாரோ அவளுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கையால் வேர்க்கடலை அரைத்துச் செய்த பீனட் பட்டர் பாட்டில். மேலே ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் மிதக்கிறது. கீழே, ‘கடலூர் கொளஞ்சி சரக்கு. மட்ட எண்ணெய் கலப்படம். யாரும் வாங்காதீங்க’ என்று எழுதியிருந்தவர் சுப்பிரமணியன், இரண்டு வருஷமாக அவளிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர்.

“வுடு கொளஞ்சி. அந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடை” என்றான் புருஷன் அய்யனார்.

“கடை போவட்டுங்க. கலப்படக்காரின்னு எழுதிட்டானே, அது போவுமா?”

அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

கலப்படமாம். யாரிடம் சொல்கிறார்கள்? திட்டக்குடிப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். ஊரெல்லாம் வேர்க்கடலை என்று சொல்லட்டும், அந்தப் பக்கத்தில் அது மல்லாட்டைதான். காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். கல்யாணமாகிக் கடலூர் வந்தாள். பிறகு குடும்பக் கஷ்டத்துக்கு மஸ்கட் போய், ஒரு பள்ளிக்கூட வாத்தியார்கள் தங்கும் விடுதியில் ஏழு வருஷம் காலைச் சாப்பாடு போட்டாள்.

அந்த மேஜையில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்க டீச்சருக்குப் பீனட் பட்டர் வழவழவென்று இருக்க வேண்டும். கனடாக்காரருக்குப் பருப்பு பல்லில் நறநறக்க வேண்டும். ஹாலந்துக்காரர் அதை வெண்ணெய் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் ஊரில் அது மல்லாட்டைச் சீஸாம். பழத்தில் கிண்டியதற்கோ ஆளுக்கொரு பேர். இங்கிலீஷ்காரர் ஜாம் என்பார். அமெரிக்க டீச்சர் ஜெல்லி கேட்டாள் என்று முதல் வாரம் தட்டில் தளதளவென்று ஆடுகிற ஜெல்லியைக் கொண்டுபோய் வைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழச்சாற்றை வடிகட்டிக் காய்ச்சி ரொட்டியில் தடவுவதுதான் அவர்களுக்கு ஜெல்லி. ஜெர்மன் அம்மா எந்தப் பழமானாலும் மார்மலேட் என்பாள். ஆரஞ்சுக்கு மட்டும்தான் அந்தப் பேர் என்று இங்கிலீஷ்காரர் தினமும் மல்லுக்கு நிற்பார். கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட அவள் கையைச் சந்தேகப்பட்டதில்லை.

ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக அரைக்க ஆரம்பித்தாள். வறுத்த மல்லாட்டை, ஒரு சிட்டிகை உப்பு, வேறொன்றும் இல்லை. அப்படி அரைத்தால் நாலு நாளில் பருப்பின் எண்ணெய் தானாக மேலே வரும். கலக்கித்தான் சாப்பிட வேண்டும். மூடி மேலேயே ‘கலக்கிச் சாப்பிடவும்’ என்று ஒட்டியிருக்கிறாள். படிக்கத்தான் ஆளில்லை.

சிதம்பரத்தில் இறங்கிக் கடைக்குள் நுழைந்தபோது சுப்பிரமணியன் கல்லாவில் இருந்தார். பின்னால் வீட்டு வாசற்படியில் அவர் மனைவி வெண்மதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“வாம்மா. நானே கூப்புடணும்னு இருந்தேன்” என்றார், ஒன்றும் நடக்காதது போல.

“குரூப்புல கூப்புட்டீங்களே, அது போதும். என்னா எண்ணெ கலந்தேன்னு சொல்லுங்க.”

“நீயே பாரு. வெளிநாட்டுச் சரக்குல ஒரு சொட்டு மெதக்குதா?”

“அதுல மெதக்காம இருக்கறதுக்குன்னே வேற எண்ணெய உள்ள போட்டு ஒறைய வெக்கிறான். டப்பாவுலயே எழுதியிருக்கான், படிங்க. உங்க கடை ஊறுகாயில எண்ணெ மெதக்குதே, அத கெடாதுன்னு சொல்லித்தானே விக்கிறீங்க? எனக்கு மட்டும் கலப்படமா?”

அவர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். “சரி, இத பாரு. வாங்குனவங்கல்லாம் செங்கல்லு மாதிரி இருக்குன்னு திருப்பித் தர்றாங்க.”

கொளஞ்சி மூடியைத் திறந்தாள். கரண்டி உள்ளே போக மறுத்தது. மேலே எண்ணெய் ஒரு பொட்டுகூட இல்லை. அடுத்த பாட்டிலைத் திறந்தாள், அதற்கடுத்ததையும் திறந்தாள். எல்லாம் வறண்டு கிடந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இதுல இருந்த எண்ணெ எங்க?”

“நான்தான் வடிச்சேன். கையிலிருக்கற சரக்காவது விக்கட்டும், உனக்கும் ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு, எல்லா பாட்டில்லயும் வடிச்சுட்டு மூடிவெச்சேன்.”

“வடிச்சத எங்க ஊத்துனீங்க?”

சுப்பிரமணியன் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“வீட்டுலதான் இருக்கு. ஒரு வாரமா அதுலதான் தோசை ஊத்துறோம். செக்கு எண்ணெகூட அந்த வாசனை வராது. இவரு தெனமும் ரெண்டு தோசை ஜாஸ்தியா சாப்புடுறாரு” என்றாள் வெண்மதி, கீரையிலிருந்து தலை நிமிராமல்.

சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மட்ட எண்ணெய் என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு, அதையே சொட்டு விடாமல் வழித்துத் தின்றிருக்கிறான் மனுஷன்.

“படம் போட்டீங்களே, அதே குரூப்புல இதையும் எழுதுங்க. வடிச்சேன், தோசைக்கு ஊத்துனேன்னு எழுதுங்க.”

“என்னம்மா நீ. நாலு கடைக்காரங்க இருக்கற எடம். என் மானம் போயிடும்.”

“என் மானத்த மட்டும் எதுல கலந்தீங்க?”

அவர் போனைத் தொடவில்லை. வெண்மதிதான் எழுந்து வந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். கல்லா மேலிருந்த போனை எடுத்து, குரூப்பில் தன் குரலிலேயே பேசிவிட்டாள்: “நான் சுப்பிரமணியன் வீட்டுக்காரி பேசுறேன். கொளஞ்சி சரக்குல கலப்படம் எதுவும் இல்ல. அந்த எண்ணெயிலதான் எங்க வீட்டுல ஒரு வாரமா தோசை. கெடுத்தது எங்க வீட்டுக்காரருதான்.” போனைப் புருஷன் முன்னால் வைத்தாள். உள்ளே போய் ஒரு தூக்குவாளியோடு வந்தாள். பாதி எண்ணெய் மிச்சமிருந்தது.

“எடுத்துட்டுப் போங்க அக்கா. எங்களுக்கு இது வேணாம்.”

கொளஞ்சி வாளியை வாங்கிக்கொண்டாள். சுப்பிரமணியன் பாட்டில்களை எல்லாம் பெட்டியில் அடுக்கி அவள் பக்கம் தள்ளினார்.

“இதையும் கொண்டுபோயிடும்மா. கலக்கிக் கிலக்கி நீயே சரிபண்ணிக்கோ.”

அவள் பெட்டியைத் திருப்பி அவர் பக்கமே தள்ளினாள்.

“அது நீங்க செஞ்சது. நீங்களே வெச்சுத் தின்னுங்க. நான் செஞ்சது இதுதான்” என்று தூக்குவாளியைக் காட்டிவிட்டுப் படியிறங்கினாள்.