ஒரே கேசட்டில் ஒரு கல்யாணம்

பழைய வீடியோ டெக்கின் முகப்பில், நகத்தால் தள்ளும்படி ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் எஸ்.பி., மறுபக்கம் எல்.பி. எஸ்.பி.யில் வைத்தால் படம் தெளிவாகப் பதியும், மூன்று மணி நேரத்தில் கேசட் முடிந்துவிடும். எல்.பி.யில் வைத்தால் அதே கேசட் இரண்டு மடங்கு நேரம் ஓடும்; ஆனால் முகங்கள் மங்கிவிடும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அப்போது தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஆங்கில எழுத்துகள் அவைதான்.

தொண்ணூறுகளில் அன்னூரில் ஒரு ஸ்டூடியோவில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்றால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அந்த வேலை பிடித்திருந்தது. நான் எடுத்து வந்ததை வெட்டிச் சேர்த்து மாஸ்டர் கேசட் போடுவது முதலாளியின் மனைவி. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரால் ஓரிடத்தில் உட்கார முடியாது. டெக் ஓடும்போது எழுந்து நடப்பார், வாசலுக்குப் போவார், கரண்ட் போய்விடுமோ என்று ஃபேனை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பரபரப்பு என்னையும் தொற்றிக்கொள்ளும். எந்தக் கல்யாணமானாலும் வேலையைத் தொடங்குமுன் அவர் கேட்பது ஒன்றுதான்: "பாக்கப்போறது யாரு?"

ஒரு விவசாயி தன் மகள் கல்யாணத்துக்காக வந்து நின்றார். இணைச்சீர்ச் சடங்கிலிருந்து கடைசிப் பந்திவரை நான் எடுத்தது நாலு மணி நேரத்துக்குக் கிட்ட இருந்தது. இரண்டு கேசட் ஆகும் என்றோம். அவர் பதறிவிட்டார்.

"கல்யாணத்த ரெண்டாக்கிப் போடாதீங்க அம்மணி. ஒரே கேசட்டுல வேணுமுங்க."

"அப்பப் பந்தியக் கொறச்சுப்போடலாங்களா?"

"ஐயோ! பங்காளி ஒருத்தரு உட்டுப்போச்சுன்னாலும் ஜென்மத்துக்கும் எங்கூட்டுப் படியேற மாட்டாங்க."

"ஏனுங்க, பாக்கப்போறது யாரு? பங்காளிக சோறு திங்கறதப் பங்காளிகளேவா?"

அவர் சிரிக்கவில்லை. பெண்ணின் தாய் கல்யாணத்தன்று கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்திருக்கிறார். குறித்த முகூர்த்தத்தை மாற்ற மாப்பிள்ளை வீட்டார் ஒப்பவில்லை. அந்தத் தாய் பார்க்கத்தான் இந்தக் கேசட். அக்கா அப்போதே கிளம்பிவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை கேசட், எந்தப் பந்தி என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"தாலி ஏறறப்ப எம்புள்ள அழுதுச்சுங்களா? அவங்கப்பன் இல்லீங்கறாரு. அவருகூடப் பொறந்த எங்க நங்கையா அழுதுச்சுங்கறாங்க. என்னயத் தேடுச்சான்னு ஆரும் சொல்ல மாட்டீங்கறாங்க."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் அருகிலிருந்து எடுத்திருந்தேன். எனக்குத் தெரியும். "கேசட்டுல நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்ததும் அக்கா வழி கண்டுபிடித்துவிட்டார். சீரும் தாலியும் எஸ்.பி.யில், அதே கேசட்டில் பந்தி முழுவதும் எல்.பி.யில். தாலி கட்டும் காட்சி முடிந்ததும் டெக்கை நிறுத்தி, சுவிட்சைத் தள்ளி, மறுபடி ஓடவிட்டேன். சேரும் இடத்தில் படம் ஒருமுறை குதித்தது. "குதிச்சாக் குதிச்சுட்டுப் போகட்டும் போ. கண்ணீர் தெரியுதல்ல?" என்றார் அக்கா. பங்காளிகள் ஒருவர்கூடக் குறை சொன்னதாகக் கேள்வியில்லை. மங்கலாக இருந்தாலும் பந்தியில் தன் முகம் இருக்கிறதா என்றுதான் ஒவ்வொருவரும் பார்த்திருப்பார்கள் போல.

போன மாதம் அந்தக் கல்யாணப் பெண், இப்போது நான் வைத்திருக்கும் வீடியோக் கடைக்கு வந்தார். தலையில் நரை ஓடியிருந்தது. அம்மா தவறிவிட்டார்களாம். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கெடாத ஒரு மாஸ்டர் ஃபைலாகத் தரவேண்டும் என்றார்.

கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். எல்.பி.யில் போட்ட பந்தி அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தெளிவாகப் போட்ட தாலி கட்டும் காட்சிதான் பாழாகியிருந்தது. திரையெங்கும் வெள்ளைப் புள்ளிகள், கிழிந்த கோடுகள்.

"அம்மா அந்த எடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்ணா. பின்னால சுத்தி உட்டு மறுக்காப் பாப்பாங்க."

ஃபைலாக மாற்றும்போது கம்ப்யூட்டர் ஏதேதோ கேட்கிறது. எந்த அளவு, எந்தத் தரம், புள்ளிகளை நீக்கட்டுமா என்று. நீக்கச் சொல்லிப் பார்த்தேன். புள்ளிகள் போயின. தாலி ஏறும்போது கல்யாணப் பெண் நிமிர்ந்து பெண்கள் நிற்கும் பக்கம் யாரையோ தேடுவாரே, அந்தக் கண்ணில் இருந்த துளியும் போய்விட்டது. அதையும் புள்ளி என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். தூக்கம் பிடிக்கவில்லை. அக்காவைக் கேட்கலாமென்றால், அவர்கள் ஊரைவிட்டுப் போய் வெகுகாலமாகிறது.

கடைசியில் அந்தப் பெண்ணையே வரச்சொல்லி, புள்ளியோடும் புள்ளி இல்லாமலும் இரண்டையும் காட்டினேன். அவர் திரையில் விரலை வைத்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் எங்கம்மா பாத்துப் பாத்து வந்ததுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அதும் இருக்கட்டுங்ணா."

புள்ளி நீக்குவதை அணைத்தேன். தரத்தை இருப்பதிலேயே உயர்ந்ததில் வைத்தேன். பொத்தானை அழுத்தியபோது, விரல்நுனியில் அந்தச் சின்ன சுவிட்ச் எஸ்.பி. பக்கம் நகர்ந்ததுபோல் இருந்தது.