அக்காவின் கட்டைவிரல்

விரித்த கையால் அடிக்க வேண்டுமென்றால் நான்கு விரல்களும் ஒட்டி இருக்க வேண்டும். நுனி லேசாக மடங்க வேண்டும். கட்டைவிரல் உள்ளே ஒடுங்கிக் கிடக்க வேண்டும். சுண்டுவிரலுக்குக் கீழே மணிக்கட்டு வரைக்கும் இருக்கிற சதைதான் அடிக்கும் இடம். கொருக்குப்பேட்டை மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இதைச் சொல்லிக் கொடுத்த கராத்தே மாஸ்டர் எங்களைவிடச் சின்னவர். நானும் அக்காவும் நாற்பதைத் தாண்டிய பிறகுதான் சேர்ந்தோம். வேலைக்குப் போன அக்காவின் கழுத்துச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடியதுதான் காரணம்.

"இன்னொரு வாட்டி வரட்டும், அவன் செவுளு பிஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டேதான் பேர் கொடுத்தாள்.

காசிமேட்டில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிறவள் அவள். கட்டைவிரல் நகத்தை ஓட்டுக்கு அடியில் விட்டுத் தள்ளித் தள்ளியே அந்த விரல் எப்போதும் வெளியே விறைத்துக்கொண்டு நிற்கும். அடிக்கக் கையை ஓங்கினாலும் அப்படித்தான். மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை.

"யக்கா, கட்டவெரல உள்ள வையி. ஒடிஞ்சிப் போச்சின்னா எறா யாரு உரிப்பா?"

"இது எறா உரிச்ச வெரலுடி, அடங்காது. உன் வேலையப் பாத்துகினு போ."

ஒருநாள் அடித்துப் பழக மாஸ்டர் பிடித்திருந்த மெத்தைப் பேடில் இசகுபிசகாகப் பட்டு விரல் வீங்கிப்போனது. மறுநாளும் வேலைக்குப் போனாள், கழுதை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் இல்லை; என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். பேச்சு குழறினாலும் புரிந்தது. காலும் மெல்ல மெல்ல வந்தது. கைதான் வரவில்லை. இறுக மூடிக்கொண்டது. மடங்கிய விரல்களுக்கு அடியில் கட்டைவிரல் புதைந்து கிடந்தது. அத்தனை வருஷம் அடங்காதது அப்போது அடங்கியது, பாவி விரல்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஊட்டி வுடாதடி, பேஜாரா கீது. என் சோத்த என் கையால துன்னணும்."

இடது கையால் சாப்பிடச் சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் ஊட்டினால் சும்மா ரெண்டு வாய், அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது.

பிசியோதெரபிப் பயிற்சி கொடுக்க வந்த பெண், கட்டைவிரலை முதலில் வெளியே கொண்டுவரச் சொன்னாள். அது இல்லாமல் சோற்றை வாய்க்குள் தள்ள முடியாதே. தினமும் வெந்நீரில் கையை வைத்து, எண்ணெய் தடவி, மடங்கிய விரல்களை நீவிவிடுவேன். கெஞ்சுகிற ஆள் இல்லை என்றேனே, அந்த விரலிடம் கெஞ்சினேன். வெளியே வாடா ராசா, ஒரே ஒரு தடவை வாடா என்று.

அக்கா கோணிய வாயோடு சிரித்தாள். "உள்ள வையின்னு கத்துனது நீதானடி?"

நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தப் புதன்கிழமை விரல் துளி அசைந்தது. எனக்கு மட்டும் தெரிந்ததோ என்று பார்த்தேன், அவளும் பார்த்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம எறா தொக்கு வையி. நானே பெசஞ்சி துன்றேன்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டிக் கூடத்தில் கிடத்தினோம். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் முன்னால் நிற்கிற அண்ணன், கால் பெருவிரல்களையும் கைக் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் வலது கை விரிந்து கிடந்தது. கட்டைவிரல் தனியே, பழையபடி, வெளியே நின்றது.

"அண்ணே, அத்தக் கட்டாதீங்க. இப்பதான் வெளிய வந்துகீது" என்றேன்.

அவர் துணியோடு அப்படியே நின்றார். யாரோ என்னைத் தோளைப் பிடித்துத் தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். அவர் குனிந்து கட்டினார்.